பட்டாதாரர் அம்சம்மாள்

அம்சத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று சொன்னது மரியாதைக்காக. நடவு வயலில் குனிந்த தலை நிமிராமல் ஊர் நியாயம், உலக நியாயம் அத்தனையும் பேசி முடிப்பாள். கையில் இருக்கிற நாற்று ஒன்றுகூடக் கோணாது. அவள் புருஷன் மருதையன் புன்னைவாய்க்கால் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குக் கிளைச் செயலாளர். அவன் கூட்டத்தில் பேசுவதெல்லாம் முதல் நாள் சோறு போடும்போது அம்சம் சொன்னதுதான் என்று தெற்குத் தெருவே சொல்லும். அவனும் மறுத்ததில்லை. மறுத்தால் மறுநாள் சோறு யார் போடுவது?

இப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு ஆள் முன்னால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அவர்தான் மிராசுதார் பஞ்சநதம். அவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் எட்டு வருஷம் சாணி அள்ளினாள். எட்டு வருஷமும் தலையாட்டலோடு சரி. பயமா என்றால் பயமும்தான். அதைவிட, இந்த மனுஷனிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்கிற சலிப்பு. பஞ்சநதத்துக்கு அது எங்கே புரியப் போகிறது? பாவம், வாயில்லாப் பூச்சி என்று முடிவு கட்டிவிட்டார். அவர் ஆயுசில் செய்த தப்புகள் எத்தனையோ உண்டு. அதில் எல்லாம் தப்பித்தவர், இந்த ஒன்றில் மாட்டிக்கொண்டார்.

பஞ்சநதத்துக்குப் பதினைந்து வேலி நிலம். ஏக்கரில் சொன்னால் நூறு. மெட்ராசில் கொடி மாறி, புது ஆட்சி வந்து, ஒரு குடும்பம் பதினைந்து ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போடப்போகிறார்கள் என்றதும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. சமையல்காரர் பேரில் கொஞ்சம், கார் டிரைவர் பேரில் கொஞ்சம், காசிக்குப் போய்த் திரும்பாத ஒரு பெரியப்பா பேரில் கொஞ்சம் என்று எழுதி வைத்தார். ஊரில் எல்லாருக்கும் தெரியும், யார் பேரில் எது என்று மட்டும் தெரியாது. காகிதத்தில் நிலம் எங்கே போனாலும் நெல் அவர் களஞ்சியத்துக்குத்தான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காலையில் அம்சத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரேஷன் கார்டுக்கு ரேகை வைக்கணும் என்றார் காரியக்காரர் நாகநாதன். பஞ்சநதத்தின் பண்ணையைக் கட்டி மேய்க்கிற ஆள் அவர். ஊர்ப் பெண்களில் பாதிப் பேரை 'ஏ' என்றும் மீதிப் பேரை 'அடியே' என்றும் கூப்பிடுகிறவர். ஏதோ ஒரு ஆபீசில் அம்சத்தின் கட்டைவிரலில் மை தடவி நாலைந்து இடத்தில் அழுத்தினார்கள். திரும்பும்போது ஒரு காபி வாங்கிக் கொடுத்தார்கள். அம்சம் அந்தக் காபியைப் பற்றியும், காரில் காத்து எப்படி அடித்தது என்பதைப் பற்றியும் மாதக்கணக்காகத் தெருவில் பேசினாள். ரேஷன் கார்டு வரவேயில்லை. சர்க்கார் காரியம் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

நாலு வருஷம் போயிற்று. தனியார் பஸ்ஸெல்லாம் சர்க்கார் பஸ்ஸாகி, அதே இடத்தில் பழுதாகி நிற்கப் பழகியிருந்த காலம். அப்படி நின்ற ஒரு பஸ்ஸிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்பிள்ளை இறங்கி, தோள்பையும் குடையுமாக வயலுக்கு நேரே வந்தாள். பேர் சுப்ரா. ஊர் கல்கத்தா. படிப்பது தில்லியில் ஒரு பெரிய சர்வகலாசாலை. வெள்ளைக்காரனிடமிருந்து விடுதலை பெற்ற நாடுகளில் அரசு எப்படி இருக்கிறது, அரசியல் எப்படி நடக்கிறது என்று ஆராய்ச்சி. அதைப் பார்க்க தில்லியிலேயே ஆயிரம் இடம் இருக்க, எங்கள் ஊர்ச் சேற்றில் வந்து இறங்கியிருந்தாள்.

அவள் தமிழைப் புத்தகத்தில் படித்தவள். வரப்பில் நின்றுகொண்டு, "அன்பார்ந்த உழைக்கும் மகளிரே! அரசு என்ற சொல்லைக் கேட்டவுடன் தங்கள் உள்ளத்தில் எழும் உருவம் யாது?" என்று கேட்டாள்.

நடவுப் பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். இந்தத் தமிழை அவர்கள் மேடையில்தான் கேட்டிருக்கிறார்கள். மைக் செட் எங்கே என்று கண்ணாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"என்னடி இது, எலெக்‌ஷன் வந்துருச்சா?" என்றாள் அம்சம். பிறகு கேள்வியை இரண்டு தடவை சொல்லச் சொல்லி, புரிந்துகொண்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். "அரசுன்னா எங்களுக்குக் கர்ணந்தாங்க. எந்த வயலு யாருதுன்னு அவரு எழுதறதுதான் சட்டம். அப்புறம் தலையாரி, தாசில்தாரு, போலீஸு. ஓட்டு கேக்க வர்றவங்கள அரசுன்னு சொல்ல முடியாது. அவங்க அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க வர்ற விருந்தாளி."

சுப்ரா பரபரவென்று எழுதினாள். "ஆங்கிலேயர் சென்ற பின்பு இதில் மாற்றம் ஏதும் உண்டா?"

"போனவன் அந்தக் கணக்குக் கட்டையெல்லாம் தூக்கிட்டுப் போயிருக்கலாமேங்க? அதை அப்படியே விட்டுட்டுல்ல போயிட்டான்! அவன் உக்காந்த நாற்காலியில இவங்க உக்காந்து அதே கட்டைப் பொரட்டிக்கிட்டிருக்காங்க."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. தில்லியில் மூன்று வருஷமாகப் பேராசிரியர்கள் சுற்றிச் சுற்றிச் சொன்னதை ஒருத்தி நாற்று முடியை அவிழ்த்துக்கொண்டே சொல்லிவிட்டாளே என்கிற திகைப்பு. அன்றைக்கே அம்சத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டாள். வயல் வேலை இல்லாத நாளெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு அம்சம் முன்னால் போவாள், நோட்டைப் பிடித்துக்கொண்டு சுப்ரா பின்னால் போவாள்.

இதில் ஒரு வேடிக்கை. அது தில்லிக்கும் மெட்ராசுக்கும் ஆகாத காலம். தில்லியிலிருந்து ஒரு பெண்பிள்ளை நோட்டும் கையுமாக ஆபீஸ் ஆபீசாக வந்து, எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிறாள் என்றால் எந்த அதிகாரிதான் நிம்மதியாக உட்காருவார்? உளவு பார்க்க வந்தவள் என்று தாலுகா முழுக்கப் பேச்சு. தான் மாணவி என்று அவள் சொல்லச் சொல்ல, சந்தேகம்தான் வலுத்தது. அவளைக் கண்டால் குமாஸ்தாக்கள் எழுந்து நின்றார்கள். ஒரு காகிதம் குறைந்தாலும் எந்த மனுவையும் வாங்க மாட்டேன் என்று எல்லா ஆபீசிலும் திடீரென்று ஒழுங்கு வந்துவிட்டது. அந்த ஒழுங்கு யார் தலையில் விடியப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அம்சம் சும்மா குடை பிடிக்கவில்லை. அவளுக்கு ஒரு காரியம் இருந்தது. தெற்குத் தெருவில் இருபத்து மூன்று குடிசை. அத்தனையும் பஞ்சநதத்தின் இடத்தில். நிலமில்லாத கூலிக்காரர்கள் குடியிருக்கிற மனையை அவர்கள் பேருக்கே பட்டா போட்டுக் கொடுக்கப் போவதாகச் சர்க்கார் சொல்லியிருந்தது. பஞ்சநதம் அதைக் கேட்டுவிட்டு ஒன்று சொல்லியிருந்தார்: "குடியிருந்தால்தானே பட்டா? தை அறுவடை முடிஞ்சதும் தெருவையே காலி பண்ணிடறேன்." அவர் சொன்னால் செய்வார். கூரைக் குடிசைக்கு என்ன வேண்டுமானாலும் நேரலாம் என்று அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து ஊரில் குடிசையோடு கொளுத்தியதை நினைத்தால் அவர்களுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. அதனால் அம்சத்துக்கு வேண்டியதெல்லாம் ஐந்து சென்ட். அது தன் பேரில் ஒரு காகிதத்தில் வரணும். அவ்வளவுதான்.

வைகாசியில் நாகப்பட்டினத்தில் ஜமாபந்தி நடந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்க் கணக்கையெல்லாம் விரித்து வைத்து, மனு வாங்குகிற திருவிழா. அம்சம் வரிசையில் நின்றாள். சுப்ரா பக்கத்தில் நோட்டோடு நின்றாள். அதைப் பார்த்ததும் குமாஸ்தா வழக்கத்துக்கு விரோதமாகக் கணக்கைப் புரட்டிச் சரிபார்த்தார். புரட்டினவர் முகம் மாறியது.

"ஏம்மா, நெலமில்லாதவங்களுக்குத்தான் மனைப்பட்டா. நீ எதுக்கு வரிசையில நிக்கிற?"

"எனக்குத்தான் நெலமில்லையேங்க."

"புன்னைவாய்க்கால். அம்சம்மாள், கணவர் பேர் மருதையன். நன்செய் பதினோரு ஏக்கர். நீதானே அது?"

அம்சம் முதலில் சிரித்தாள். குமாஸ்தா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினாள். "சாமி சத்தியமா எனக்கு ஒரு குழி நெலம் கெடையாதுங்க. இந்தா பாருங்க கையை. இது பதினோரு ஏக்கர் வெச்சிருக்கிறவ கையா?"

"கையெல்லாம் எனக்குத் தெரியாது. கணக்குல இருக்கு. பெரிய மிராசுதாரா இருந்துக்கிட்டு ஏழைங்க மனையில கைவைக்க வர்றியே, நல்லாவா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் அம்சத்துக்கு ரேஷன் கார்டும் கட்டைவிரலும் மையும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. வந்ததும் அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சுப்ராவுக்குப் பாதிச் சொல் புரியவில்லை. புத்தகத்தில் இல்லாத சொற்கள். மூச்சு வாங்கி முடித்தபின், "அவரு நெலமும் எனக்கு வராது, இப்ப என் குடிசையும் போச்சே!" என்று உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சுப்ரா என்ன செய்வதென்று தெரியாமல் குடையை விரித்துப் பிடித்தாள். "நான் எதிலும் தலையிடக் கூடாது, அம்சம். காண்பதும் கேட்பதும் எழுதுவதும் மட்டுமே என் கடமை" என்றாள் வருத்தமாக.

"அதையே பண்ணுங்க, போதும்" என்றாள் அம்சம், மூக்கைச் சிந்திக்கொண்டு.

மறுநாள் அவள் பஞ்சநதம் வீட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றாள். எட்டு வருஷம் பேசாதவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரிடம் பேசினாள். "அய்யா, ஒங்க நெலம் பதினோரு ஏக்கர் தெரியாத்தனமா எம்பேர்ல விழுந்து கெடக்காம். அதை எடுத்துக்கிட்டு, என்னை மறுபடி ஏழையாக்கிவுட்டீங்கன்னா மனைப்பட்டா வாங்கிக்குவேன்."

பஞ்சநதம் கணக்குப் போட்டுப் பார்த்தார். திருப்பி எழுதினால் பதினைந்து ஏக்கருக்கு மேல் போய்விடும். நோண்ட ஆரம்பித்தால் சமையல்காரர், டிரைவர், காசிப் பெரியப்பா எல்லார் வண்டவாளமும் தண்டவாளம் ஏறிவிடும். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"நான் யார்கிட்டங்க சொல்லப்போறேன்? குமாஸ்தாதான் தாலுகாவுக்கே கேக்கற மாதிரி கத்தினாரு."

"வாயை மூடிக்கிட்டு இரு. பேசாம இருந்தாத்தான் ஒனக்கு நல்லது."

"எட்டு வருஷம் பேசாமத்தானுங்க இருந்தேன். பதினோரு ஏக்கர் வந்து சேந்துச்சு" என்றாள் அம்சம்.

அவர் விரட்டிவிட்டார். குடிசைக்கு எழுத்தில் எதுவும் தர முடியாது, தை முடிந்ததும் இடத்தைக் காலி பண்ணு என்று கத்தினார். அம்சம் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் யோசனை. அந்தப் பதினோரு ஏக்கரும் கிழக்கே வாய்க்காலை ஒட்டி பிரியாத ஒரே தாக்காக இருந்தது. அவள் நூறு தடவை நட்டு, களையெடுத்து, அறுத்த வயல்தான். அன்றைக்கு வரப்பில் நின்று அதை முதல் தடவையாகப் பார்க்கிறவளைப் போலப் பார்த்தாள். வடக்கு மூலையில் வெள்ளம் ஏறாத மேட்டுத் திடல் ஒன்று, நாலு தென்னையோடு. சம்பா நட்டார்கள். அவளும் கூலிக்குத்தான் நட்டாள்.

தை பிறந்தது. கதிர் முற்றியது. அறுத்து அளக்கிற நெல்லில் கலத்துக்கு அரை லிட்டர் கூலி கூட்டிக் கேட்டது சங்கம். பஞ்சநதம் முடியாது என்றார். ஆட்கள் அரிவாளைச் செருகிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர் வழக்கம்போலத் தெற்கே வானம் பார்த்த சீமையிலிருந்து லாரியில் அறுப்பாட்களைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். அவர்களுக்குப் போலீஸ் பந்தோபஸ்து வேண்டுமே? நாகநாதன் மனு எழுதிக்கொண்டு போனார். முன்பெல்லாம் பஞ்சநதம் பேரைச் சொன்னாலே போலீஸ் வேன் கிளம்பும். இப்போது, தில்லி அம்மா ஊரில் இருக்கிறாள், எல்லாம் முறைப்படி வேண்டும் என்றார்கள். நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில் மனு, கூடவே கர்ணம் கையெழுத்தோடு கணக்கு நகல். நாகநாதன் தலையைச் சொறிந்தார். முதலில் அறுக்கப்போவது கிழக்குத் தாக்கு. அது பட்டாதாரர் அம்சம்மாள் பேரில் இருக்கிறது. சரி, காகிதந்தானே, யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கட்டைவிரல் ரேகைக்குத் தன் விரலையே வைத்துக்கொண்டார்.

அறுப்பு நாள் காலையில் கிழக்குத் தாக்கு வரப்பில் போலீஸ் வேன் வந்து நின்றது. பின்னாலேயே லாரி நிறைய வெளியூர் ஆட்கள். எதிர்ப்பக்கம் சங்கத்துக் கொடியோடு தெற்குத் தெரு முழுக்க, முன்னால் மருதையனும் அம்சமும். கைது என்றால் போய்விடலாம். ஜெயிலிலிருந்து திரும்பி வரும்போது குடிசை இருக்குமா என்பதுதான் அம்சத்தின் பயம். கொஞ்சம் தள்ளி, தென்னை நிழலில் சுப்ரா, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி உத்தரவைப் படித்தார்.

"புன்னைவாய்க்கால் மிராசுதாரும் மேற்படி வயலின் பட்டாதாரருமான அம்சம்மாள் கொடுத்த மனு. அவருடைய வயலில் அறுவடை செய்யவிடாமல், சங்கத்தைச் சேர்ந்த மருதையன் மனைவி அம்சம் என்பவள் ஆட்களைத் திரட்டித் தகராறு செய்கிறாள். மேற்படி அம்சத்தால் அம்சம்மாளின் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து இருப்பதால், மூன்று நாள் போலீஸ் பாதுகாப்பு வழங்கப்படுகிறது."

கண்ணாத்தாள்தான் முதலில் களுக்கென்று சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு வரப்பு வரப்பாகப் பரவியது. இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சிரிப்பு? பட்டாதாரர் அம்மா எங்கே? அவங்களைக் கூப்பிடுங்க!"

"அவங்க வரலிங்க சார். அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல" என்றார் நாகநாதன், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு.

"நல்லாத்தானுங்க இருக்கேன்" என்றாள் அம்சம்.

"நீ யாரு?"

"அம்சமுங்க."

"தகராறு பண்ற அம்சமா, பட்டாதாரர் அம்சம்மாளா?"

"ரெண்டும் நான்தானுங்க. கணக்கு நகலைப் பாருங்க, அதுல எம்புருஷன் பேரும் இருக்கும். இந்தா நிக்கிறாரு, மருதையன்."

இன்ஸ்பெக்டர் நகலைப் பார்த்தார். மருதையனைப் பார்த்தார். மறுபடி நகலைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இருபது வருஷ சர்வீஸில் ஒரு ஆளை அதே ஆளிடமிருந்து காப்பாற்றச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்ததில்லை. இவளைக் கைது செய்தால் பாதுகாப்பு கொடுக்க ஆள் இருக்காது. பாதுகாப்பு கொடுத்தால் கைது செய்ய ஆள் இருக்காது. சங்கத்துப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்குள் தகவல் போய், பஞ்சநதம் காரில் வந்து இறங்கினார். "இவளுக்கு ஏது சார் நெலம்? கூலிக்காரச் சிறுக்கி! புடிச்சு வண்டியில ஏத்துங்க!"

"அப்ப நெலம் யாருது, சார்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

பஞ்சநதம் வாயைத் திறந்தார். அந்தச் சமயத்தில் சுப்ரா இரண்டடி முன்னால் வந்து, பேனா மூடியைக் கழற்றினாள். "பொறுத்தருள்க. இந்நிலம் யாருக்கு உரியது என்பதைத் தெளிவாகக் கூறுங்கள், ஐயா. பிழையின்றி எழுதிக்கொள்ள விரும்புகிறேன்."

என்னுடையது என்றால் பதினைந்து ஏக்கருக்கு மேல் இருப்பதெல்லாம் போய்விடும். யாரோ ஒருத்தருடையது என்றால் அந்த யாரோ இதோ எதிரே நிற்கிறாள். பஞ்சநதம் காரைப் பார்த்தார். போலீஸையும் நோட்டையும் பார்த்தார். கடைசியில் வரப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "அவளுதுதான்."

"அன்புகூர்ந்து பெயரைக் கூறுங்கள்."

"அம்சம்மாளுது" என்றார் பஞ்சநதம்.

இதற்காக அழுவோம் என்று அம்சம் நினைத்திருக்கவில்லை. அந்த வாயிலிருந்து தன் பேர் முழுசாக வந்து அன்றைக்குத்தான் கேட்டாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

காருக்குத் திரும்பப் போன பஞ்சநதம் அவள் பக்கத்தில் வந்ததும் நின்றார். மற்றவர்களுக்குக் கேட்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "வயலை அறுத்துக்கோ. ஆனா தெரு என் எடம். பொழுது சாயறதுக்குள்ள குடிசை இருபத்து மூணும் அங்க இருக்கக் கூடாது. இருந்தா அப்புறம் நடக்கறதுக்கு நான் பொறுப்பில்ல."

அதுதான் அவர் செய்த அடுத்த தப்பு. அம்சம் அவரைப் பார்த்தாள். வயலைப் பார்த்தாள். வடக்கு மூலைத் திடலில் அவள் கண் போய் நின்றது. பிறகு அவள் போட்ட சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"அய்யா சொல்லிட்டாரு! தெருவைக் காலி பண்ணுங்க! எல்லாக் கூரையையும் தூக்கிக்கிட்டு வந்து நம்ம திடல்ல வெய்யிங்க!"

நம்ம திடல் என்று அவள் சொன்னதும்தான் மருதையனுக்கு விஷயம் உறைத்தது. கொடிக்கம்பைக் கீழே போட்டுவிட்டு ஒரு குதி குதித்தான்.

வெள்ளக் காலத்தில் சுவர் கரைந்தால் கூரையை அப்படியே முழுசாகத் தூக்கி வைத்துவிட்டுப் புதுச் சுவர் எழுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம். நாலு மூங்கிலை உள்ளே கொடுத்து, பத்துப் பேர் தோள் கொடுத்தால் கூரை கிளம்பிவிடும். ஆனால் ஒரே பகலில் இருபத்து மூன்று கூரைக்கு ஆள் போதாதே? அம்சம் லாரியில் வந்தவர்களிடம் போனாள்.

"நீங்கள்லாம் யாரு வேலைக்கு வந்தீங்க?"

"மிராசுதார் வேலைக்குங்க."

"உத்தரவைக் கேட்டீங்கல்ல, அது நான்தான். அறுப்பை எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க. நீங்க கூரையைத் தூக்குங்க." கூலி பஞ்சநதம் முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது. எந்த வேலையானால் என்ன என்று அவர்கள் கிளம்பினார்கள்.

அறுப்பு ஆரம்பிக்கும் முன்னே மருதையன் துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, சங்கச் செயலாளராக அம்சத்தின் முன்னால் வந்து நின்றான். "மிராசுதாரம்மா, கலத்துக்கு அரை லிட்டர் கூட்டித் தருவீங்களா, மாட்டீங்களா? தெளிவாச் சொல்லிடணும்."

"யோசிச்சுச் சொல்றேன், போய்யா" என்றாள் அம்சம். பெண்கள் போட்ட கூச்சலில் தென்னையிலிருந்த காக்காய்கள் பறந்தன. பிறகு, "ஒரு லிட்டராவே எடுத்துக்குங்க" என்றாள்.

அன்றைக்குப் பகல் முழுக்க வாய்க்கால் கரையில் கூரைகள் நடந்து போயின. கூரைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. பின்னால் சட்டி பானை, கோழிக்கூடு, ஆட்டுக்குட்டி. பட்டாதாரரின் உடைமைக்குப் பாதுகாப்பு என்று உத்தரவில் இருந்ததால் போலீஸ்காரர்கள் இரண்டு பக்கமும் கூடவே நடந்தார்கள். ஒரு கூரை வாய்க்கால் மதகில் சாய்ந்தபோது, சுப்ரா நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிப்போய் முட்டுக் கொடுத்தாள்.

"தலையிடக் கூடாதுன்னீங்க?" என்றாள் அம்சம்.

"தோள்தான் கொடுக்கிறேன்" என்றாள் சுப்ரா, கண்ணாடி முழுக்கக் கீற்றுத் தூசியோடு.

பொழுது சாய்வதற்குள் தெற்குத் தெருவில் மொட்டைச் சுவர்கள்தான் நின்றன. திடலில் இருபத்து மூன்று கூரைகள் தரையோடு உட்கார்ந்திருந்தன. சுவர் நாளைக்கு எழுப்பிக்கொள்ளலாம். அவரவருக்கு ஐந்து சென்டை அம்சம் காலால் அளந்து, குச்சி நட்டுக் காட்டினாள். எழுதிக் கொடுப்பதற்கு அந்த வாரமே பதிவு ஆபீஸ் போவது என்று முடிவாயிற்று. தண்ணீர்ப் பக்கம் எனக்கு என்று பக்கத்துக் கூரைக் காளியம்மாளும் கண்ணாத்தாளும் அதற்குள் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். அம்சம் தன் கூரைக்குள் குனிந்து நுழைந்தாள். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். யாரும் வந்து கிளப்ப முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது தரையை ஒரு தடவை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு உலையை வைத்தாள்.

வெளியே செருப்புச் சத்தம். நாகநாதன் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். திடலில் கால் வைக்கலாமா வேண்டாமா என்று அவருக்குச் சந்தேகம். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் தென்னை மரத்தில் சாய்ந்துகொண்டு அவரையே பார்த்தார்கள்.

"ஏ அம்சம்! அய்யா கூப்பிடறாங்க. ஒடனே வரச் சொன்னாங்க."

அம்சம் வெளியே வந்தாள். எட்டு வருஷமாக அந்தக் குரலுக்குக் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினவள். இப்போது கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"உலை வெச்சிருக்கேன். அய்யாவை இங்க வரச் சொல்லுங்க. வரும்போது போலீஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள வரச் சொல்லுங்க."

நாகநாதன் போலீஸ்காரர்களைப் பார்த்தார். அம்சத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார், 'அடியே' வரவில்லை.

"சரிங்க" என்றார்.